தம்பிக்கு ஆகாத மா

விசுவமடு,
17.10.1965

அன்பு மகள் விமலேஸ்வரிக்கு,

அம்மா எழுதுவது. வற்றாப்பளை அம்மாள் காவலில் ஐயாவும் நானும் சுகமாக இருக்கிறோம். நீயும் அந்தக் குளிர் தேசத்தில் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று திங்கட்கிழமை தவறாமல் விளக்கு வைக்கிறேன். உன் தம்பி யோகலிங்கமும் சுகம். இதற்கு முன் எழுதிய நாலு கடிதத்திலும் தம்பி சுகம் என்றுதான் எழுதினேன், அந்த நாலும் பொய். உண்மை தெரிந்தால் நீ தாதிப் படிப்பை அரைவாசியில் விட்டுவிட்டு வந்து நிற்பாய் என்று ஐயாதான் அப்படி எழுதச் சொன்னார். இந்த முறை எழுதுவது மெய், அதனால் தைரியமாக மிச்சத்தையும் வாசி. நீ எழுதுகிற சுகத்தையும் நான் நம்புவதில்லை. சித்திரையில் வந்த உன் கடிதத்தின் கடைசியில், இடம் போதாமல் ஓரத்தில் நெருக்கி, வயிறு அடிக்கடி ஊதுகிறது, விடுதியில் வெண்ணெய் பூசின பாண் சாப்பிட்ட நாளில் இன்னும் கூட என்று எழுதியிருந்தாய். பிறகு வந்த கடிதங்களில் அந்தக் கதையே இல்லை. கதை இல்லையென்றால் வயிற்று வருத்தம் மாறிவிட்டது என்று ஐயா சொல்கிறார். நீ மறைக்கிறாய் என்று நான் சொல்கிறேன். ஐயா வாய்க்கால் துப்புரவு செய்யும் ஆட்களோடு போயிருக்கிறார், றோஸ்மேரி கோழிக்கூட்டடியில் நிற்கிறாள், அவர்கள் வருமுன் எழுதி முடிக்கப் பார்க்கிறேன். வழியில் யாரும் பிரித்துப் பார்க்காதபடி உறையின் நாலு பக்கமும் விளாம்பிசின் பூசி அனுப்புவேன், நீ கிழிக்கும்போது எழுத்துக் கிழியாமல் பார்த்துக்கொள்.

நீ கப்பல் ஏறிய பின் நடந்த கலியாணம் ஆகையால் றோஸ்மேரியை நீ படத்தில் பார்த்ததோடு சரி. தம்பி புதுக்குடியிருப்புக் கூட்டுறவுச் சங்கக்கடைக்கு மனேச்சராகப் போன பிறகு, கருவாடு எடுக்க முல்லைத்தீவுக்கு அடிக்கடி போனான். கருவாடு வாங்க ஒரு மனிசன் கிழமைக்கு மூன்று தரம் போவானா என்று நான் அப்போதே ஐயாவிடம் கேட்டேன். அங்கே களப்பில் வலை போடும் அல்பேர்ட் என்பவரின் மகள்தான் றோஸ்மேரி. எங்கள் பகுதியில் ஒருவரும் வேதக்கார வீட்டில் பெண் எடுத்ததில்லை, ஆனாலும் தம்பி ஒற்றைக்காலில் நின்றான், போன வருஷம் ஆவணியில் பதிவு எழுதி முடித்தோம். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு மாதா சுரூபம், இவ்வளவோடு வந்தாள். வாய் காட்டமாட்டாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள், சொன்ன வேலையைச் செய்வாள். எனக்கு அதுதான் பிடிக்கவில்லை. சண்டை பிடிக்கிறவளை எனக்கு விளங்கும், பேசாமல் இருக்கிறவளின் மனதில் என்ன ஓடுகிறது என்று எப்படித் தெரியும்? இந்த வருஷம் பிறந்ததும் மாதா கோயிலில் கொடுத்த கலண்டரைத் தங்கள் அறைக்குள் மாட்டினாள், நானும் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

மார்கழிச் சூறாவளியைப் பற்றி எழுதியிருந்தேன். கதிர் தள்ளுமுன் குடலைப் பருவத்தில் நின்ற நெல் முழுக்கப் படுத்துவிட்டது, மிஞ்சி விளைந்ததைப் பொறுக்கி விதைநெல்லுக்கு வைத்துவிட்டோம். தை மாதம் தொடக்கம் வீட்டில் அமெரிக்கன் கோதுமை மாதான். அது எனக்கு ஒரு வகையில் வசதியாகவும் இருந்தது, அரிசி என்றால் ஊறவைத்து இடித்து அரித்து வறுக்க வேண்டும், இது துணியில் கட்டி அவித்து அரித்தால் சரி. விடியப் பிட்டு, மத்தியானம் றொட்டி, பின்னேரம் தோசை, அந்தத் தோசை மாவுக்குள்ளும் அதுதான். மாசி நடுவில் தம்பிக்கு வயிற்றால் போகத் தொடங்கியது. முதலில் வெள்ளத் தண்ணீரால் என்று நினைத்தோம். ஆனால் எங்கள் எல்லாருக்கும் அதே கிணறுதானே, எனக்கும் ஐயாவுக்கும் ஒன்றும் இல்லையே. நாளுக்கு ஏழெட்டுத் தரம் போவான். கன்னம் ஒட்டிக் கண் குழிந்து போயிற்று, வாய் முழுக்க அவிந்து புண், வயிறு மட்டும் ஊதி நின்றது. அவன் மெலிய மெலிய நான் இன்னும் கூடச் செய்து கொடுத்தேன், நெய் விட்டுக் குழைத்த பிட்டு, முட்டை அடித்த றொட்டி. பலம் வரட்டும் என்று பக்கத்தில் இருந்து வாயில் தீத்தாத குறையாகச் சாப்பிடப் பண்ணினேன். பங்குனியில் றோஸ்மேரியின் தகப்பனுடைய, சூறாவளியில் விழுந்த மீன்வாடியைத் திருப்பிக் கட்ட என்று தம்பி லீவு போட்டு முல்லைத்தீவுக்குப் போனான். மூன்று கிழமைக்குப் பிறகு வந்தான் பார், கன்னத்தில் சதை வைத்து, சிரித்துக்கொண்டு. எனக்கு அவ்வளவு சந்தோசம். பத்து நாள் போகவில்லை, திரும்பவும் அதே வருத்தம். வைகாசியில் இன்னொரு தரம் போனான், அங்கே சுகம், இங்கே வந்ததும் வருத்தம். இதை நீ இருந்து கண்டிருந்தால் உன் மனதில் என்ன வந்திருக்கும்? என் மனதில் வந்ததைச் சொல்கிறேன். மாமியார் வீட்டில் சுகமாக இருக்கிற பெடியன் சொந்த வீட்டில் ஏன் சாகப்போகிறான், யாரோ அவனைச் சொந்த வீட்டை வெறுக்கப் பண்ணி அங்கே கொண்டுபோய் இருத்தப் பார்க்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

பரிகாரியார் வீரகத்தியிடம் நாடி பிடிக்கக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் நாடியைப் பிடித்தார், நாக்கைப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார், தம்பியை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, "பிள்ளை, இது தண்ணியால வந்த வருத்தமில்லை, ஒரு கையால வந்தது. சாப்பாட்டுக்குள்ள என்னமோ போகுது" என்றார். இடுமருந்து என்ற சொல்லை அவர் சொல்லவில்லை, நான்தான் கேட்டேன், அவர் மறுக்கவும் இல்லை. பேதிக்குக் கொடுத்தார், அதோடு தம்பி நாலு நாள் எழும்பக்கூட முடியாமல் போய்விட்டான். வீட்டுக்கு வந்து ஐயாவிடம் சொன்னேன். "உமக்குக் கண்ணாடி போட்டாலும் போடாட்டிலும் எல்லாம் கறுப்பாத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சரி, நானே பார்க்கிறேன் என்று றோஸ்மேரியைக் குசினிக்குள் வரவேண்டாம் என்றேன். உலை வைப்பது முதல் கோப்பை கழுவுவது வரை நானே செய்தேன். அவள் வெளிவேலை பார்த்தாள். தம்பிக்கோ வருத்தம் இன்னும் கூடியது. கறிக்குள் இல்லையென்றால் தேத்தண்ணிக்குள்ளா, தண்ணீர்ச் செம்புக்குள்ளா, தலையணைக்குக் கீழா என்று தேடினேன். அவர்கள் இல்லாத நேரம் அறைக்குள் போய் டிரங்குப் பெட்டியைக்கூடத் திறந்து பார்த்தேன், உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. அப்போதுதான் அந்தக் கலண்டரைக் கவனித்தேன். ஒவ்வொரு நாளுக்கும் கீழே பென்சிலால் சின்னச் சின்னக் குறி, சில நாளுக்கு வட்டம், சில நாளுக்குச் சிலுவை. சிலுவை போட்ட நாளெல்லாம் தம்பி படுத்துக் கிடந்த நாள். இனி எனக்கு வேறு என்ன அத்தாட்சி வேண்டும்.

மூன்றாம் நாள் மத்தியானம், மண்வெட்டி வைக்கும் கொட்டிலுக்குப் பின்னால் புகை தெரிந்தது. போய்ப் பார்த்தால் மூன்று கல்லை வைத்து, சின்னச் சட்டியில் றோஸ்மேரி என்னவோ காய்ச்சிக்கொண்டிருக்கிறாள். என்னைக் கண்டு பயந்து எழும்பினாள். நான் ஒன்றும் கேட்கவில்லை, சட்டியைக் காலால் தட்டிவிட்டேன். சாமைக் கஞ்சி மகள், வேறொன்றும் இல்லை, சாமையும் தேங்காய்ப் பாலும் உப்பும். மண்ணில் ஊற்றுண்ட பிறகுதான் அது தெரிந்தது, அப்போதும் நான் குனிந்து மணந்து பார்த்தேன். அவள் அழவில்லை. "மாமி, இதுக்குள்ள நான் ஒண்டும் போடேல்லை. உங்கட பிட்டுத்தான் இவருக்கு ஒத்துக்கொள்ளுதில்லை. நாலு மாசமாப் பாக்கிறன்" என்றாள். வந்த நாளிலிருந்து அவள் பேசிய பெரிய கதை அதுதான். பெற்ற தாயின் சாப்பாடு பிள்ளைக்கு நஞ்சு என்கிறாளே என்று எனக்கு வந்த ஆத்திரத்தில், கொம்மா வீட்டுக்குப் போ என்று வாய் விட்டுவிட்டேன். பின்னேர பஸ்ஸில் போய்விட்டாள், கலண்டரையும் கழற்றிக்கொண்டு போனாள்.

ஐந்தாம் நாள் தம்பி சங்கக்கடைக்குள் மூட்டையைப் பிடித்தபடி விழுந்துவிட்டான். கடை லொறியிலேயே யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நாங்கள் போய்ச் சேருமுன் றோஸ்மேரியும் தாய் புனிதமும் அங்கே நிற்கிறார்கள், யார் அறிவித்ததோ. நான் அவளைத் தம்பியின் கட்டிலுக்குக் கிட்ட விடவில்லை, கால்மாட்டில் நின்றாள். சீமையில் படித்துவிட்டு வந்த ஒரு டொக்டர், முகத்தில் மீசைகூட ஒழுங்காக அரும்பவில்லை, வந்து இவருக்கு எப்போது வருத்தம் கூடுகிறது, எப்போது குறைகிறது என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன் றோஸ்மேரி பையிலிருந்து அந்தக் கலண்டரை எடுத்து நீட்டினாள். வட்டம் என்றால் சோறும் மீனும் கூழும் சாப்பிட்ட நாள், சிலுவை என்றால் மாச் சாப்பாடு சாப்பிட்டு வயிறு போன நாள். மாசி மாதம் தொடக்கம் ஒரு நாள் விடாமல் குறித்திருக்கிறாள். அவர்கள் வீட்டில் மூன்று நேரமும் சோறு, அல்லது பனங்கிழங்கு ஒடியல் கூழ், மாச் சாப்பாடு என்பதே இல்லை, அதுதான் தம்பி அங்கே சுகமாக இருந்திருக்கிறான். டொக்டர் அந்தக் கலண்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அம்மா, உங்கட மகனுக்குக் கோதுமைதான் எதிரி. குடல் அதை ஏற்காது. பாண், றொட்டி, பிட்டு, பிஸ்கட், றவை, ஒரு நுள்ளுக்கூடக் குடுக்கக்கூடாது. சுகம் வந்தாப்போலையும் குடுக்கேலாது, சீவியம் முழுக்க" என்றார். ஆறு கிழமையில் வித்தியாசம் தெரியும் என்றார், குடல் ஆறும் வரை பாலும் வேண்டாம் என்றார். எனக்கு அது நம்பக்கூடிய கதையாகப் படவில்லை. உலகம் முழுக்கச் சாப்பிடுகிற மா என் பிள்ளைக்கு மட்டும் ஆகாதாம். அவள் முதலிலேயே அந்த டொக்டரைக் கண்டு கதைத்திருப்பாள் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஐயா என்னை அடக்கிவிட்டார், எல்லாருமாக வீட்டுக்கு வந்தோம், குசினி அவளிடம் போயிற்று.

இனி நான் எழுதுவதை நீ ஒரு தாளில் குறித்து வை. இந்த வருத்தம் இரத்தத்தில் ஓடுவதாம், கூடப் பிறந்தவர்களுக்கும் இருக்கலாம் என்று டொக்டர் சொன்னார், ஆகவே பாண் சாப்பிட்டு உன் வயிறு ஊதுகிற கதையை நீ படிக்கிற ஆஸ்பத்திரியிலேயே ஒரு டொக்டரிடம் சொல்லு, வெட்கப்படாதே. சொல்லும் வரைக்கும் பாணை நிறுத்திப் பார். பத்தியம் என்றால் உப்புச் சப்பில்லாத கஞ்சி என்று நான் நினைத்திருந்தேன், இவள் வைக்கிற சமையலைப் பார்த்த பின் அந்த எண்ணம் போய்விட்டது. காலையில் சிவப்பு அரிசிமா இடியப்பமும் சொதியும், ஒரு நாள் குரக்கன் மாவுக்குள் தேங்காய்ப்பூவும் பச்சை மிளகாயும் வெங்காயமும் குழைத்து வாழையிலையில் தட்டிச் சுட்ட றொட்டி, ஒரு நாள் ஒடியல் பிட்டுக்குள் நெத்தலி வைத்து அவிப்பாள். ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறவிட்டுக் கசப்பை வடித்துத்தான் எடுக்க வேண்டும். மத்தியானம் சாமைச் சோறு, முருங்கையிலை வறை, சுறா வறை, மரவள்ளிக் கிழங்குக் கறி. அமெரிக்கன் மா இல்லாமல் தோசை கல்லில் ஒட்டிக் கிழிந்து வந்தது. நான் பேசாமல் பார்த்துக்கொண்டு நின்றேன், உதவி செய்யவில்லை. நாலு நாள் கிழிந்தது, ஐந்தாம் நாள் உழுந்தோடு ஒரு பிடி சோறும் வெந்தயமும் கூட்டி அரைத்தாள், தாமரையிலை போல் கழன்று வந்தது. மா அரிக்கும் அரிதட்டு, பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டி எல்லாம் புதிதாக வாங்கினாள், பழையதில் மா ஒட்டியிருக்குமாம். இடையில் ஒரு கிழமை தம்பிக்குத் திரும்ப வயிறு கலங்கியது, அவள் ஒவ்வொரு சாமானாக நிறுத்தி நிறுத்திப் பார்த்து, கடைசியில் இரசத்துக்குப் போடுகிற பெருங்காயத்தைப் பிடித்தாள், கட்டியாக்குவதற்கு மா சேர்க்கிறார்களாம், கடைக்காரர் முதலில் இல்லை என்று சத்தியம் பண்ணிப் பிறகு ஒத்துக்கொண்டார். ஆகவே நீயும் அங்கே யாருடைய சத்தியத்தையும் நம்பாதே. மீன் பொரித்துத் தந்தால் மேலே பூசியிருப்பது என்ன என்று கேள், குழம்பு தடிப்பாக இருந்தால் எதைப் போட்டுத் தடிப்பாக்கினார்கள் என்று கேள், சமையற்காரி முகம் சுளித்தால் சுளிக்கட்டும். உருளைக்கிழங்கு, முட்டை, சோறு, மீன், பழம், இவற்றில் ஒருவரும் ஒன்றும் கலக்க முடியாது. கப்பல் பார்சலில் ஒடியல் மாவும், வறுத்த அரிசிமாவும், குரக்கன் மாவும், பயத்தம் பணியாரமும் வருகிறது. தீபாவளிக்கு என்று றோஸ்மேரி சுட்டது, மேல் மா அரிசிமாதான், பயப்படாமல் சாப்பிடு. சுங்கத்தில் பிரித்து எடுத்துவிடுவார்களோ என்று எண்ணி வைத்திருக்கிறேன், முப்பத்தாறு பணியாரம், குறைந்தால் எழுது.

இதற்குமேல் எழுதுவதுதான் கஷ்டம். ஆடி முடிய முன்னமே தம்பி பழைய ஆளாகிவிட்டான், புண் ஆறிற்று, சைக்கிள் மிதித்து வேலைக்குப் போனான். எல்லாரும் டொக்டரைப் புகழ்ந்தார்கள். எனக்கு மட்டும் மனது ஒத்துக்கொள்ளவில்லை. போட்டவள் நிறுத்தினால் வருத்தமும் நிற்கத்தானே செய்யும், அகப்பட்டுக்கொண்டோம் என்று தெரிந்து நிறுத்திவிட்டாள், பழியை மாவின் மேல் போட்டுவிட்டாள் என்று நினைத்தேன். இதைச் சொன்னால் கேட்க இந்த வீட்டில் ஒருவரும் இல்லை. ஆவணியில் மடு மாதா திருவிழாவுக்குத் தாயோடு போனாள், தம்பி சுகப்பட்டால் வருவேன் என்று நேர்த்தி வைத்திருந்தாளாம். மூன்று நாள் அவள் வீட்டில் இல்லை. இதுதான் சமயம் என்று நினைத்தேன் மகள். அலுமாரியின் அடித்தட்டில் ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் கொஞ்ச அமெரிக்கன் மாவை ஒளித்து வைத்திருந்தேன். அரிசிமாவோடு அதில் இரண்டு சிறங்கை அவித்துக் கலந்து பிட்டு அவித்தேன். மா ஆகாது என்பது பொய்யென்றால் அவனுக்கு ஒன்றும் வராது, அவள் வந்ததும் முகத்துக்கு நேரே கேட்கலாம் என்று நினைத்தேன். அது மெய்யாக இருந்தால் என்ன ஆகும் என்று நான் நினைக்கவே இல்லை, அவ்வளவுக்கு நான் நிச்சயமாக இருந்தேன். தம்பி வந்து குந்தினான். "எவ்வளவு நாளைக்குப் பிறகு அம்மான்ர பிட்டு" என்று சொல்லி மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டான். நான் விசிறியால் விசிறிக்கொண்டு பக்கத்தில் இருந்தேன்.

அடுத்த நாள் மத்தியானத்துக்குள் அவன் சுருண்டு போனான். கிணற்றடிக்கும் படுக்கைக்குமாக ஐயாதான் தாங்கிக்கொண்டு போய் வந்தார். இரண்டு மாதம் அவள் தேற்றிய உடம்பு மூன்று நாளில் கரைந்துவிட்டது. அவள் வீட்டில் இல்லை, அவள் கை படவில்லை, அவள் மாதாவுக்கு முன்னால் முழங்காலில் நின்ற நேரம் நான்தான் கொடுத்தேன். யாரைச் சந்தேகப்படுவது, என்னைத் தவிர ஒருவரும் மிச்சமில்லை. மடுவிலிருந்து வந்து பெட்டியை இறக்கி வைத்தவள் தம்பியைப் பார்த்ததும் நேரே குசினிக்குள் போனாள், கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். பிறகு வந்து எல்லாருக்கும் கேட்க, "பழைய அரிதட்டு ஒண்டு உறியில தொங்கினது, அதைத்தான் மாமி தெரியாமல் எடுத்திட்டா போல, அதில மா ஒட்டியிருந்திருக்கும்" என்று சொல்லி, அந்த அரிதட்டைக் கொண்டுபோய் அடுப்பில் வைத்து எரித்தாள். எனக்கு உயிர் வந்தது போல இருந்தது, நானும் ஓம் என்று தலையாட்டிவிட்டேன். தம்பி எழும்ப ஒரு மாதம் ஆயிற்று. அந்த ஒரு மாதமும் நான் அவனுக்கு ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை, றோஸ்மேரியைக் கூப்பிடுவேன். அம்மாவுக்கு என்ன என்று தம்பி கேட்பான், கைவலி என்று சொல்வேன்.

புரட்டாதியில் ஒரு காலை அவளும் நானும் உரலடியில் அரிசி இடித்துக்கொண்டு நின்றோம். இரண்டு உலக்கை, மாறி மாறி. திடீரென்று எனக்கு உலக்கையைத் தூக்க முடியவில்லை. அப்படியே நின்று, அது அரிதட்டு இல்லை, நான் வேண்டுமென்றுதான் போட்டேன், உன்னைப் பிடிக்கத்தான் போட்டேன் என்று சொன்னேன். அவள் தன் உலக்கையை நிறுத்தாமல் இன்னும் நாலு குத்துக் குத்தினாள். பிறகு, "எனக்குத் தெரியும் மாமி" என்றாள். "மடுவால வந்த அண்டைக்கே நீத்துப்பெட்டியில ஒட்டிக் கிடந்ததை எடுத்து விரலில உருட்டிப் பாத்தனான். அரிசிமா உதிரும், அது இழுபட்டது" என்றாள். தெரிந்துகொண்டா அரிதட்டை எரித்தாய், ஏன் தம்பியிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். அவள் உரலுக்குள் பார்த்துக்கொண்டு சொன்னதை நான் அப்படியே எழுதுகிறேன், "சொன்னால் அவர் இனி உங்கட கையால சாப்பிடமாட்டார். பிறகு நீங்கள் என்னெண்டு இந்த வீட்டில இருப்பியள்?" என் மேல் கோபம் இல்லையா என்று கேட்டேன். "இருக்கு மாமி, போகக் கொஞ்ச நாள் செல்லும்" என்றாள். அவள் இல்லை என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன்.

நேற்றுச் சனிக்கிழமை விடிய, அவள் வறுத்த அரிசிமாவையும் நீத்துப்பெட்டியையும் உப்புத் தண்ணீரையும் என் முன்னால் கொண்டுவந்து வைத்து, "இண்டைக்கு நீங்கள் அவியுங்கோ மாமி, எனக்கு உடுப்புத் தோய்க்கக் கிடக்கு" என்றாள். முந்தின நாள்தான் உடுப்பெல்லாம் தோய்த்தவள், வாளிக்குள் இரண்டு சாரம்தான் கிடந்தது. அந்த இரண்டு சாரத்தையும் அரை மணித்தியாலம் தோய்த்தாள். குசினி யன்னலால் கிணற்றடி தெரியும், கிணற்றடியிலிருந்து பார்த்தால் என் அடுப்பும் தெரியும். நான் ஏழெட்டுத் தரம் எட்டி எட்டிப் பார்த்தேன். அவள் இந்தப் பக்கம் முதுகைக் காட்டி நின்றவள் ஒரு தரமும் திரும்பிப் பார்க்கவில்லை. தம்பி இரண்டு நீத்துப்பெட்டி பிட்டும் மாம்பழமுமாகச் சாப்பிட்டான். இன்று காலையில் நல்ல சுகமாக எழும்பி ஐயாவோடு வாய்க்காலுக்குப் போயிருக்கிறான்.

தம்பிக்கு இந்த விசயம் இன்னும் தெரியாது, நானே என் வாயால் சொல்வேன், அதுவரை நீ அவனுக்கு எழுதாதே, இந்தக் கடிதத்தை வாசித்தபின் நெருப்பில் போடு. படிப்பைக் கவனி, ஈரத் தலையோடு வெளியே போகாதே, நெஞ்சுக்கு உரோமத் துணி போட்டுக்கொள். அம்மாள் உனக்கு நீண்ட ஆயுளும், நல்ல உத்தியோகமும், சாப்பிட்டது செமிக்கிற உடம்பும் தரட்டும். ஐயாவின் ஆசீர்வாதமும் என் ஆசீர்வாதமும் எப்போதும் உனக்கு உண்டு. ஒன்றை மறக்காதே மகள், றோஸ்மேரிக்கு நீ ஒரு கடிதம் எழுத வேண்டும். அதை எனக்கு எழுதும் கடிதத்துக்குள் மடித்து வைக்காதே, நான் வாசித்துவிடுவேன். தனி உறையில், அவள் பெயருக்கு அனுப்பு.

இப்படிக்கு,
உன் அன்பு அம்மா,
மயில்வாகனம் பத்மாசனி